படங்களை எதில் போட்டு வைப்பது?

நேயர்களுக்கு வணக்கம். குடும்பப் படங்கள், சான்றிதழ் நகல்கள், பெரியவர்களின் குரல் பதிவுகள் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நம்மில் பலர். அந்தப் பென்டிரைவிலிருந்தே தொடங்குகிறேன்.

பென்டிரைவ், மெமரி கார்டு, கணினியில் சுழலும் பாகமின்றிச் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி மூன்றும் ஒரே இனம். நுண்ணிய அறைகளில் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துத்தான் தகவலைக் காக்கின்றன. மின் இணைப்பே கொடுக்காமல் கிடப்பில் போட்டால் அது மெல்லக் கசியும். வெப்பம் கூடினால் இன்னும் வேகமாகக் கசியும். சிப் துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரவிதி என்ன கேட்கிறது தெரியுமா? சாதாரண உபயோக எஸ்எஸ்டி, எழுதும் ஆயுள் முழுக்கத் தேய்ந்த பிறகு, 30 டிகிரி செல்சியஸில் மின்சாரமின்றி ஓராண்டு தாங்கினால் போதுமாம்! புதியது இதைவிட நெடுநாள் தாங்கும், சரி. ஆனால் பென்டிரைவுக்குள் எந்தத் தரத்துச் சிப் இருக்கிறதென்று உறையைப் பார்த்துச் சொல்ல முடியுமா? கொள்ளளவையே பொய்யாகக் காட்டும் போலிகளும் உண்டு. 'எஃப்3' போன்ற இலவச மென்பொருளால் கடைசி வரை எழுதி, திரும்பப் படித்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நெடுநாள் சேமிப்புக்கு ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். அதிலுள்ள காந்தப் பதிவு நெடுநாள் நிலைக்கும். சுழலும் பாகங்கள்தான் மக்கர் செய்யும், கீழே விழுந்தாலும் ஆபத்து. அதனால் இரண்டாக வாங்குங்கள், வெவ்வேறு நிறுவனத்ததாக. ஒரே தொகுப்பில் வந்தவை ஒரே குறையோடு ஒரே சமயத்தில் படுத்துவிடலாம். ஒன்று வீட்டில், மற்றது வேறு இடத்தில். மூன்றாவது நகல் கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில், இருக்கலாம். ஆனால் போனோடு ஒத்திசையும் கிளவுட், போனில் நீங்கள் அழித்ததைத் தானும் அழித்துவிடும். அதை நகல் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நகல் எடுத்ததோடு வேலை முடியவில்லை. மறுபடியும் சொல்கிறேன், முடியவில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம், அதாவது கோப்பின் கைரேகை போன்ற ஒரு குறியீட்டை, எஸ்எச்ஏ-256 என்ற முறையில் கணக்கிட்டு, அந்தப் பட்டியலையும் கூடவே வையுங்கள். கோப்பில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் செக்சம் அடியோடு மாறிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிஸ்கை இணைத்து ஒப்பிடுங்கள். பொருந்தாத கோப்பை மற்ற நகலிலிருந்து மீட்கலாம். அதற்கு முன் அந்த நகலையும் சோதித்துவிடுங்கள். டிஸ்க் தன் நலம் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையில் 'பெண்டிங் செக்டர்', அதாவது சரியாகப் படிக்க முடியாத பகுதிகளின், எண்ணிக்கை ஏறத் தொடங்கினால் தாமதிக்காமல் வேறு டிஸ்குக்கு மாற்றுங்கள்.

நேரம் ஆகிவிட்டதென்று கைகாட்டுகிறார்கள். சிடி பற்றி ஒரே வரி: வீட்டில் எழுதும் சிடியில் இருப்பது சாயப் படலம், வெயிலில் மங்கிவிடும். டிஸ்கை என்கிரிப்ட் செய்திருந்தால், அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருந்தால், கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதி, டிஸ்க் இல்லாத வேறோர் இடத்தில், நம்பகமானவர் ஒருவருக்குத் தெரியும்படி வையுங்கள். வணக்கம்.