18 மீட்டர் பேருந்தும் 12 மீட்டர் பேருந்தும் ஒரே வட்டத்தில் திரும்புவது எப்படி?

வணக்கம். 12 மீட்டர் நீளமுள்ள சாதாரணப் பேருந்தையும், அதைவிட 6 மீட்டர் நீண்ட, நடுவில் மடங்கும் இணைப்புப் பேருந்தையும் ஒரே முச்சந்தியில் திருப்பினால் எது திணறும்? நீளமானதுதான் என்று நினைப்போம். ஆனால் ஐரோப்பிய விதிகளின்படி இரண்டுமே 12.5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் திரும்பியாக வேண்டும், இரண்டுமே திரும்பிவிடுகின்றன.

[திரையில்: மேலிருந்து எடுத்த காட்சி]

இதற்குக் காரணம் நடுவிலுள்ள இணைப்பு. உள்ளே நின்று பார்த்தால், ஆர்மோனியத்தின் துருத்தியைப் போல விரிந்து மடங்கும் உறையும், காலடியில் மெல்லச் சுழலும் வட்டத் தட்டும் தெரியும். திரும்புவதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதைப் பெரிதும் முடிவு செய்வது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தொலைவுதான். இணைப்புப் பேருந்தின் முன்பாதியில் இருக்கும் இரு அச்சுகளுக்கு இடையிலான தொலைவு, சாதாரணப் பேருந்தில் உள்ளதைப் போன்றதே. எனவே முன்பாதி சாதாரணப் பேருந்தைப் போலவே திரும்ப, பின்பாதி சற்றே உட்புறமாக அதைத் தொடர்கிறது. பல வகைகளில் எஞ்சின் பின்பாதியில் இருப்பதால், கடைசி அச்சுதான் முழு வண்டியையும் முன்னே தள்ளுகிறது. வழுக்கும் சாலையில் வண்டி சட்டென்று மடங்கிவிடக் கூடாது அல்லவா? அதற்காகவே, கோணம் அளவு மீறும்போது இணைப்பை இறுக்கிப் பிடிக்கும் ஹைட்ராலிக் அமைப்பைப் பொருத்தியிருக்கிறார்கள். இதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

விலையும் பராமரிப்பும் கூடுதல். ஆனால் ஓர் ஓட்டுநரே சாதாரணப் பேருந்தைவிட அதிகக் கூட்டத்தை ஏற்றிச் செல்லலாம்.

லண்டனில் இவை 2002இல் ஓடத் தொடங்கின. 49 இருக்கைகள், ஏறத்தாழ 150 பேருக்கு இடம், மூன்று கதவுகள். எந்தக் கதவிலும் ஏறலாம், ஓட்டுநரிடம் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை என்பதால், ஏறும் வேகம் கூடியது. சீட்டில்லாப் பயணம் பெருகுகிறது என்ற புகாரும் கூடவே எழுந்தது. இவற்றை அகற்றுவதாக 2008 மேயர் தேர்தலில் வாக்குறுதி தந்து வென்ற போரிஸ் ஜான்சன், 2011 டிசம்பருக்குள் கடைசி வண்டியையும் நிறுத்திவிட்டார்.

கொலம்பியாவின் பொகோட்டாவிலோ, 2000 டிசம்பரில் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ சேவையில், அதே 18 மீட்டர் நீள வண்டிகள் பேருந்துகளுக்கென்றே ஒதுக்கிய தனித்தடத்தில் ஓடுகின்றன. நிலைய வாயிலிலேயே கட்டணம் வாங்கிவிடுவதால், வண்டியின் தளத்துக்குச் சமமான நடைமேடையிலிருந்து பயணிகள் எல்லாக் கதவுகளிலும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குகிறார்கள். லண்டன் வண்டியை மட்டும் மாற்றியது, பொகோட்டா நிலையத்தையும் சாலையையும் சேர்த்து மாற்றியது என்பதே என் கருத்து.

ஆட்கள் குறைவாக ஏறும் தடத்துக்குச் சாதாரணப் பேருந்தே சரி. அங்கே நீண்ட வண்டியை விட்டால், அதை நிரப்புவதற்காகச் சேவையின் இடைவெளியைக் கூட்டுவார்கள். நிறுத்தத்தில் காத்திருப்பவர்தான் அவதிப்படுவார்.

உங்கள் ஊரில், அகலமான சாலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பேருந்துகள் நிரம்பி வழியும் தடம் எது? தடத்தின் எண்ணோடு கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.