கோடையில் செய்த பனி

படத்துக்குப் போட்ட இசையை உருவி எடுத்து மேடையில் வைத்தால் நிற்குமா? பெரும்பாலும் நிற்காது என்பதே என் கட்சி. கதாநாயகன் கதவைத் திறக்கிற நேரத்துக்கு அளந்து போட்ட நாலு வினாடி வயலின், கதவு இல்லாமல் என்ன செய்யும்? இந்தக் கட்சியில் என்னைத் தோற்கடித்தவர் ருஷ்ய இசையமைப்பாளர் செர்கேய் புரொகோஃபியேவ்.

1938-இல் இயக்குநர் ஐசன்ஸ்டைன் எடுத்த 'அலெக்சாந்தர் நெவ்ஸ்கி' படத்துக்கு அவர்தான் இசை. 1242-இல் உறைந்துகிடந்த ஏரிமேல் ருஷ்யர்கள் ஜெர்மானியச் சிலுவை வீரர்களை முறியடித்த கதை. பனிமேல் நடந்த அந்தப் போரைப் படம்பிடித்ததோ கோடையில்! பனி முழுக்கப் பொய். புரொகோஃபியேவ் ராத்திரி காட்சியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "நாளைப் பகல் பன்னிரண்டுக்கு இசை வந்துவிடும்" என்று போவாராம். பதினொன்று ஐம்பத்தைந்துக்கு ஒரு சின்ன நீலக் கார் ஸ்டுடியோ வாசலில் நுழையும். ஐசன்ஸ்டைனே எழுதிவைத்திருக்கிறார்.

எதிரியின் கொம்பொலி நாராசமாக ஒலிக்க வேண்டும் என்று, புரொகோஃபியேவ் ஊதுகிறவர்களை மைக்குக்கு நேர் முன்னால் நிறுத்தி ஊதவைத்தார். ஒலி கிழிந்தது, அவருக்கு வேண்டியதும் அதுதான். கச்சேரி மண்டபத்தில் அந்த வித்தை பலிக்காதே! அதனால் துண்டுகளை அப்படியே ஒட்டாமல், பெரிய வாத்தியக் குழுவுக்கும் சேர்ந்திசைக்குமாகத் திரும்ப எழுதினார். ஏழு பகுதிகள். 1939 மே 17 அன்று மாஸ்கோவில் அவரே நடத்தினார். அதே ஆகஸ்டில் ஸ்டாலின் ஹிட்லரோடு ஒப்பந்தம் போட, படம் பெட்டிக்குள் போனது; 1941-இல் ஜெர்மனி படையெடுத்ததும் வெளியே வந்தது. அது அரசியல், விடுங்கள்.

பனிமேல் நடக்கும் போர்ப் பகுதி தொடங்கும் இடத்தைக் கேளுங்கள். வில்லை, தந்திகளைத் தாங்கும் குதிரைக் கட்டைக்கு ஒட்டினாற்போல் வைத்து நடுங்க நடுங்க இழுக்கிறார்கள். கண்ணாடியை நகத்தால் சுரண்டுகிற சில்லிப்பு. கோடையில் ஸ்டுடியோ கட்டிய பனியைவிட இந்தத் தந்திகளில்தான் எனக்குக் குளிர்கிறது.

அடுத்தது ஆறாவது பகுதி. மெசோ சொப்ரானோ, அதாவது நடுத்தரச் சுருதியில் பாடும் பாடகிக்கு மொத்தப் படைப்பிலும் வேலை இந்த ஒரே இடத்தில்தான். அதுவரை அத்தனை இரைச்சலுக்கும் நடுவே கையைக் கட்டி உட்கார்ந்திருப்பார். சிலர் இந்த இடத்தில்தான் மேடைக்கே நடந்து வருவார்கள். படத்தில் பெண்கள் தீவட்டியோடு பிணங்களுக்கிடையே தேடுவார்கள். இங்கே தீவட்டியும் கிடையாது, பிணமும் கிடையாது. செத்துக் கிடப்பவர்களின் கண்களை முத்தமிடுவேன், அழகனைக் கட்ட மாட்டேன், வீரனைத்தான் கட்டுவேன் என்று பாடுகிறாள். சேர்ந்திசைக்காரர்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு அவளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.