லொத்தர்ச் சீட்டும் நெல்மணிக் கணக்கும்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கிளிநொச்சிச் சந்தையிலும் வவுனியாப் பேருந்து நிலையத்திலும் மாங்குளம், பரந்தன் சந்திகளிலும் லொத்தர்ச் சீட்டு வாங்குகிறவர்களைச் சற்றுக் கவனித்தால், ஒரு சீட்டை எடுத்துப் பார்த்து, கூட்டு எண் சரியில்லை என்று திரும்ப வைத்துவிட்டு, வேறொன்றைத் தெரிவுசெய்வதைக் காணலாம். இவ்வாறு தெரிவுசெய்வதால் வெல்லும் வாய்ப்பு கூடுமா என்பதைப் பற்றிப் பேசும்படி, கணிதம் கற்பிக்கும் என்னை நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள்.

முதலில் வாய்ப்பின் அளவை அறிந்துகொள்வோம். ஓர் ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கங்களும் கொண்ட சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துகள் 26, ஆறு இலக்கங்களை அமைக்கக்கூடிய விதங்கள் 10 இலட்சம். இரண்டையும் பெருக்கினால் 2 கோடியே 60 இலட்சம் வருகிறது. இந்தத் தொகையை மனத்தில் உருவகிப்பது கடினம் என்பதால் நமக்குப் பழக்கமான நெல்லைக் கொண்டு சொல்கிறேன். ஆயிரம் நெல்மணிகள் ஏறத்தாழ 25 கிராம் நிறைகொள்ளும். அந்தக் கணக்கின்படி 2 கோடியே 60 இலட்சம் மணிகள் சுமார் 650 கிலோ, அதாவது 65 கிலோ மூடைகள் பத்து. அந்தப் பத்து மூடைகளுக்குள் எங்கோ ஒரு மணியில் மை தடவப்பட்டிருக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு கையை விட்டு ஒரேயொரு மணியை எடுக்கிறீர்கள். முதற்பரிசுக்கான வாய்ப்பு அவ்வளவுதான். நாள்தோறும் ஒரு சீட்டு வாங்கினால், சராசரியாக 71 ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை அது கிடைக்கும்.

பத்துச் சீட்டு வாங்கினால் வாய்ப்பு பத்து மடங்காகும் என்பது உண்மையே. வாய்ப்பைக் கூட்டுவதற்கு உள்ள ஒரே வழியும் அதுதான். ஆனால் செலவும் அதே பத்து மடங்காகிறது, வாய்ப்போ 26 இலட்சத்தில் ஒன்று என்ற அளவிலேயே நிற்கிறது. அறுவடை முடிந்து நெல் விற்ற காசு கையில் இருக்கும் நாட்களில் சீட்டைக் கட்டாக வாங்குகிறவர்கள் இந்த விகிதத்தை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். நுண்கடன் தவணைக்கு ஒதுக்கிய காசை எடுத்து வாங்குகிறவர்களைப் பற்றி நான் வேறு சொல்ல வேண்டியதில்லை.

எல்லாச் சீட்டையும் வாங்கிவிட்டால் என்ன என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பதுண்டு. அதையும் ஒருவர் செய்து பார்த்திருக்கிறார். ருமேனியாவில் பிறந்த ஸ்டெஃபான் மண்டெல் என்பவரின் தலைமையில் இயங்கிய ஒரு குழு, 1992இல் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்தில், 44 எண்களில் ஆறைத் தெரியும் லொத்தரில், சாத்தியமான 70,59,052 சேர்க்கைகளில் ஏறத்தாழ 50 இலட்சத்தை வாங்கி முதற்பரிசையும் வென்றது. சீட்டின் விலை ஒரு டொலராகவும் பரிசு இரண்டு கோடியே 70 இலட்சம் டொலராகவும் இருந்ததால்தான் அந்தக் கணக்கு சரிவந்தது. நம் சீட்டு ஒன்றுக்கு 40 ரூபா என்று வைத்தால், அத்தனையையும் வாங்க 104 கோடி ரூபா வேண்டும்.

இனி நம்பிக்கைகளுக்கு வருவோம். பல வாரங்களாக விழாத இலக்கம் இனி விழுந்தே தீரும் என்பது அவற்றுள் மிகவும் வலுவானது. சாதாரண தரக் கணிதத்தில் நாணயத்தைச் சுண்டிப் படித்த நிகழ்தகவே இங்கும் செல்லும்: ஐந்து முறை பூ விழுந்தபின்னும் ஆறாம் முறை தலை விழும் வாய்ப்பு பாதிதான். 2009 செப்டெம்பரில் பல்கேரியாவின் தேசிய லொத்தரில் 4, 15, 23, 24, 35, 42 என்ற அதே ஆறு எண்கள் நான்கு நாள் இடைவெளியில் இருமுறை வந்தன. இரண்டாம் முறை, முந்தைய எண்களையே எழுதியிருந்த 18 பேர் பரிசைப் பங்கிட நேர்ந்தது.

லக்னம் அச்சிட்ட சீட்டில் சிம்ம லக்னக்காரர் சிம்மத்தையே தேடி எடுப்பதில் குற்றமில்லை. ஆனால் பன்னிரண்டு லக்னங்களுக்கும் வாய்ப்பு ஒன்றேதான். கைராசியான விற்பனையாளர் என்று பெயர் பெற்றவரிடம் பரிசு அடிக்கடி விழுவதற்குக் காரணம், அந்தப் பெயரைக் கேட்டு அவரிடம் கூடுதலானோர் வாங்குவதே. அவருக்கு வியாபாரம் நடக்கட்டும். வெயிலிலும் மழையிலும் நின்று விற்கிறவர் அவர்.

கனடாவில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தொலைபேசியில் பிறந்த திகதிகளைச் சொல்லி, 49 எண்களில் ஆறைத் தெரியும் 6/49 லொத்தரில் போடச் சொல்லும் பெற்றோர் வன்னியில் இருக்கிறார்கள். அங்கே எண்களை வாங்குகிறவரே தெரியலாம், சேர்க்கைகள் 1,39,83,816. திகதி 31ஐத் தாண்டாது என்பதால், பலர் ஒரே சிறிய எண்களைத் திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். 31க்கு மேற்பட்ட எண்களையும் கலந்து எழுதினால், வெல்லும் வாய்ப்பு சிறிதும் கூடாது. ஆனால் வென்றால் முதற்பரிசைப் பிறரோடு பங்கிடும் வாய்ப்பு குறையும். எண் தெரிவில் பயன் உண்டென்றால் அது இவ்வளவே. அச்சிட்ட சீட்டில் இதற்கு இடமில்லை.

வாங்கிய சீட்டைச் சரியாகப் பார்ப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. பெரும்பாலோர் முதற்பரிசு இலக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டை எறிந்துவிடுகிறார்கள். கடைசி இலக்கங்கள் பொருந்தினாலே சிறுதொகை கிடைக்கும் சீட்டுகள் உண்டு. சீட்டில் உள்ள சீட்டிழுப்பு இலக்கத்தையும் திகதியையும் முதலில் ஒப்பிட்டு, பிறகு பரிசு இலக்கங்களைப் பாருங்கள். பரிசைக் கேட்டுப் பெறுவதற்கான காலம் கடந்தால் வென்ற சீட்டுக்கும் பணம் கிடைக்காது. வாங்காத சீட்டுக்குப் பரிசு விழுந்திருப்பதாகவும், அதை அனுப்ப முற்பணம் வைப்பிலிட வேண்டும் என்றும் அழைப்போ குறுஞ்செய்தியோ வந்தால், அது மோசடி. அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கிக் கணக்கு விபரத்தையும் கொடுக்காமல் அழைப்பைத் துண்டித்துவிடுங்கள். வணக்கம்.