காலடிக் கணக்கும் மூச்சுக் கணக்கும்

நேயர்களுக்கு வணக்கம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பிலிருந்து வரும் இளைஞர்கள் கிரகரி ஏரியைச் சுற்றி ஓடப் புறப்பட்டு முதல் நாளே மூச்சிரைத்து நின்றுவிடுவதற்கு, அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்களவு குறைவாக இருப்பதே பெரிய காரணம். ஆகவே மலைநாட்டில் ஓடுகிறவர் கால்களைப் போலவே மூச்சையும் கவனிக்க வேண்டும்.

இந்தக் கவனிப்பை இன்று கைத்தொலைபேசியும் செய்கிறது. அதனுள்ளே இருக்கும் முடுக்கமானி என்ற, அசைவை அளக்கும் சிறு கருவி, கால் தரையில் பதியும் ஒவ்வோர் அதிர்வையும் உணர்ந்து எண்ணுகிறது. சில செயலிகள் ஒலிவாங்கியின் வழியே மூச்சொலியைப் பிரித்தெடுக்க முயல்கின்றன. முன்னதை நான் நம்புகிறேன். பின்னதை நம்பி ஒருமுறை ஏமாந்தேன்.

ஹட்டனுக்கு அருகே, பனிமூட்டம் விலகாத ஒரு காலையில், தேயிலை மலைகளுக்கு நடுவே போகும் வண்டிப்பாதையில் ஓடினேன். ஒலிவாங்கியுள்ள காதொலிப்பானின் கம்பி கழுத்தோரம் தொங்கியது. வீடு திரும்பிச் செயலியைப் பார்த்தால் நிமிடத்துக்கு 158 காலடி, மூச்சும் 158. மூச்சும் காலும் இத்தனை ஒத்துப்போகின்றனவே என்று பெருமையோடு மாணவன் ஒருவனிடம் காட்டினேன். அவன், "சேர், நிமிஷத்துக்கு 158 மூச்சு விட்டிருந்தா நீங்க பாதையிலேயே விழுந்திருப்பீங்களே!" என்றான். என் மேற்சட்டையின் சிப் (zip) தலை ஒவ்வோர் அடிக்கும் ஒலிவாங்கியில் இடித்திருக்கிறது. அந்த இடியைத்தான் செயலி மூச்சென்று எண்ணியிருக்கிறது. இதைச் சொல்லிச் சிரிக்காத மாணவர் எங்கள் பாடசாலையில் இல்லை.

ஆனால் மூச்சும் காலும் இணைவது பொய்யன்று. 1983 இல் பிராம்பிள், கேரியர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதியதன்படி, வேகமாக ஓடும் நாற்கால் விலங்குகள் பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு என்று கட்டுண்டிருக்க, மனிதன் பல விகிதங்களில் மூச்சு விடுகிறான். அவற்றுள் நான்கு காலடிக்கு ஒரு மூச்சு என்பதே மிகுதியாகக் காணப்படுவது. நிமிடத்துக்கு 160 காலடி வைப்பவருக்கு அது 40 மூச்சாகும். என் அம்மா கொழுந்துக் கூடையோடு மலையேறும்போது பின்னால் நடந்த எனக்கு இது அப்போதே காதில் விழுந்தது: சமதரையில் நான்கு அடிக்கு ஒரு மூச்சு, செங்குத்தில் இரண்டு அடிக்கு ஒன்று.

எனவே காலடியை எண்ணும் வேலையைத் தொலைபேசியிடம் விடுங்கள், மூச்சுக்கு எத்தனை அடி என்பதை நீங்களே எண்ணுங்கள். ஏற்றத்தில் நான்கு மூன்றாகி, மூன்று இரண்டானால், வேகத்தைக் குறைக்க வேண்டிய இடம் அதுதான். திரும்பவும் சொல்கிறேன்: காலடியை அது எண்ணட்டும், மூச்சை நீங்கள் எண்ணுங்கள்.

தயாரிப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கடைசிப் பகுதியைச் சுருக்குகிறேன். தளர்ந்த சட்டைப்பையில் தொலைபேசி ஆடினால் காலடிக் கணக்கும் பிழைபடும், ஆகையால் இடுப்புப் பட்டியில் இறுக்கிக் கட்டுங்கள். ஒலிவாங்கியைத் திறப்பவர்கள், அந்தப் பதிவு தொலைபேசியிலேயே தங்குகிறதா, வெளியே போகிறதா என்று அமைப்புகளில் பார்த்துவிடுங்கள். பக்கத்தில் ஓடுகிறவரின் பேச்சும் அதில் பதிந்துவிடும். வணக்கம்.