2 மணி 11 நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம். குடிநீர் நீரேற்று நிலையங்களில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பராமரிப்பது என் தொழில். மோட்டாரை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்பதைப் பார்த்துக்கொள்வது பிஎல்சி என்ற பெட்டி. பக்கத்தில் கேட்வே என்று இன்னொரு பெட்டி, உள்ளே ஒரு சிம் கார்டு. நகரத்துக் கட்டுப்பாட்டு அறை கேட்கும் கேள்விகளுக்கு, பிஎல்சியிடம் கேட்டுப் பதில் அனுப்புவது அதன் வேலை.

ஒரு நிலையம் மட்டும் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. சில மாலைகளில் கட்டுப்பாட்டு அறைத் திரையில் அது சிவப்பாகிவிடும். தொடர்பு இல்லை என்று பொருள். ஆனால் அங்கே மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆள் போய்ச் சேர்வதற்குள் தானாகப் பச்சைக்குத் திரும்பிவிடும். கருவிகள் இருக்கும் பேனல் சூடாகிறது என்று முடிவுகட்டி, ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் மாட்டினோம். பலன் இல்லை.

அடுத்த முறை சிவப்பானதும் நான் வண்டி எடுக்கவில்லை. வீட்டிலிருந்தே டெர்மினலைத் திறந்தேன். கறுப்புத் திரை, அதில் நாம் தட்டச்சு செய்யும் கட்டளைகள், அவ்வளவுதான். தொலைவிலிருக்கும் பெட்டிக்குள் இப்படி நுழைவதற்கு முன்பெல்லாம் டெல்நெட் இருந்தது. அதில் கடவுச்சொல் அப்படியே வெளிப்படையாகப் போகும். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களைத் திருடியபிறகுதான், 1995இல் அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த டாட்டு இலோனென், எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் எஸ்எஸ்ஹெச் எழுதினார். அதற்குப் பிறகும் டெல்நெட் போகவில்லை. 2016இல் மிராய் என்ற தீநிரல், கேமராக்களுக்குள்ளும் ரவுட்டர்களுக்குள்ளும் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாருமே மாற்றியிருக்கவில்லை!

சரி, கதைக்கு வருகிறேன். எஸ்எஸ்ஹெச் உடனே உள்ளே விட்டது. அதுவே ஒரு துப்பு. சிம் வேலை செய்கிறது, கேட்வேக்கு உயிர் இருக்கிறது. எனக்குத் திறக்கிற கதவு கட்டுப்பாட்டு அறைக்கு மட்டும் ஏன் திறக்கவில்லை?

கை பரபரத்தது. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும், காரணமும் அதோடு போய்விடும். அதனால் ரீஸ்டார்ட் செய்யாமல், திறந்திருக்கும் இணைப்புகளைக் காட்டும் நெட்ஸ்டாட் கட்டளையைத் தட்டினேன். மோட்பஸ் என்பது இந்தக் கருவிகள் பேசிக்கொள்ளும் மொழி. அது பேசும் 502ஆம் எண் வாசலில் நான்கு இணைப்புகள். நான்கும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்தவை, நான்கும் செத்தவை. மாலையில் சிக்னல் விட்டுவிட்டு வருகிறது. ஒவ்வொரு முறை அறுந்ததும் கட்டுப்பாட்டு அறை புதிதாகக் கூப்பிடுகிறது. பழைய இணைப்பு அறுந்த செய்தி கேட்வேக்கு வரவேயில்லை. எதிரே ஆள் போனது தெரியாமல் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இருப்பதோ நான்கு இடம். ஐந்தாவதாகக் கூப்பிட்டால் மறுப்பு.

பம்பு ஆபரேட்டருக்கு ஃபோன் போட்டேன். "அண்ணே, லாக் புக்குல எத்தனை மணிக்குச் சிவப்பு, எத்தனை மணிக்குப் பச்சைன்னு பாத்துச் சொல்லுங்க."

"சிவப்பா இருந்தது எல்லாம் ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம், பன்னெண்டு நிமிஷம்னுதான் இருக்கு சார். ஒவ்வொரு தடவையும் ரூம்லேர்ந்து கேட்டு எழுதி வச்சிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேட்வேக்குள் இருப்பது லினக்ஸ் இயங்குதளம். ஓர் இணைப்பில் பேச்சே இல்லையென்றால், எதிர்முனை இருக்கிறதா என்று லினக்ஸ் கேட்டுப் பார்ப்பது 7200 நொடி கழித்து. பதில் வராவிட்டால் 75 நொடிக்கு ஒருமுறை, மொத்தம் ஒன்பது தடவை. கூட்டினால் 2 மணி 11 நிமிடம் 15 நொடி. பேனல் சூட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

60 நொடியில் முதல் கேள்வி, 10 நொடிக்கு ஒன்றாக மூன்று தடவை என்று மாற்றினேன். செத்த இணைப்பு இப்போது ஒன்றரை நிமிடத்தில் விழுந்துவிடும். மாற்றுவதற்கு முன், பத்து நிமிடம் கழித்து ரீஸ்டார்ட் ஆகும்படி ஒரு கட்டளை கொடுத்துவைத்தேன். முன்பொரு முறை, யாரை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கும் ஃபயர்வால் விதியைத் திருத்தப் போய், என்னை நானே வெளியே பூட்டிக்கொண்டு பஸ் ஏறியவன் நான். மாற்றத்தை நிரந்தரமாகச் சேமிக்காமல் இப்படிச் செய்தால், பூட்டிக்கொண்டாலும் பெட்டி பழைய நிலைக்கே எழுந்துவரும். சரியாக இருந்தால் கட்டளையை ரத்து செய்துவிட்டுச் சேமிக்கலாம்.

அதன்பிறகு லாக் புக்கில் அந்தக் குறிப்பு வரவில்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் இன்னும் ஓடுகிறது. கழற்றலாமா என்றால் ஆபரேட்டர் விடமாட்டேன் என்கிறார். அதற்குக் கீழேதான் அவருடைய நாற்காலி.