அரிசி விலை குறைந்தது, வாங்கிய அரிசியும் குறைந்தது

[திரையில்: சீன வரைபடம். தெற்கே ஹூனான் மாகாணம் மட்டும் பச்சையாகிறது.]

குரல்: ஹூனானில் முக்கிய உணவு சோறுதான். 2006-ல் ராபர்ட் ஜென்சன், நோலன் மில்லர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் அங்குள்ள ஏழைக் குடும்பங்களில் சிலருக்குக் கூப்பன் கொடுத்தார்கள். அதைக் காட்டினால் கடையில் அரை கிலோ அரிசிக்கு 10, 20 அல்லது 30 ஃபென் தள்ளுபடி (நூறு ஃபென் ஒரு யுவான், அதுதான் சீனப் பணம்). ஐந்து மாதம் இப்படி நடந்தது.

அந்தக் குடும்பங்கள் அரிசி சாப்பிடுவது கூடவில்லை, குறைந்தது. ஏன்?

[திரையில்: பத்து கிண்ணம் சோறு. பக்கத்தில் 20 யுவான்.]

சின்னதாக ஒரு கணக்கு போடுவோம். எண்கள் என்னுடையவை. ஒரு வீட்டில் பத்து கிண்ணம் இருந்தால்தான் எல்லோருக்கும் வயிறு நிறையும். கையில் 20 யுவான். சோறு கிண்ணம் 2 யுவான், கறி, அதாவது இறைச்சி, கிண்ணம் 6 யுவான். வேறு வழியே இல்லை, பத்தும் சோறுதான்.

இப்போது சோறு 1 யுவானாகிறது. அதே பத்து கிண்ணத்துக்கு 10 யுவான் போதும், மீதி 10 கையில் நிற்கிறது. யாரும் சம்பளத்தை உயர்த்தவில்லை. ஆனாலும் உயர்த்திய மாதிரிதான். இதுதான் வருமான விளைவு.

[திரையில்: இரண்டு சோற்றுக் கிண்ணங்கள் மறைகின்றன. அந்த இடத்தில் கறி.]

அந்த வீட்டு அம்மா என்ன செய்வார்? எட்டு கிண்ணம் சோறு, 8 யுவான். இரண்டு கிண்ணம் கறி, 12 யுவான். மொத்தம் 20. வயிறும் நிறைந்தது, பிள்ளைகள் தட்டில் கறியும் விழுந்தது.

சரி, மலிவான பொருளின் பக்கம் மாறுகிறோமே, அந்தப் பதிலீட்டு விளைவு எங்கே? கறியோடு ஒப்பிட்டால் சோறு முன்பைவிட மலிவு, அதனால் அது சோற்றின் பக்கமே இழுக்கும். பிரித்துப் பார்க்க ஒரு வழியை 1915-லேயே யூஜின் ஸ்லட்ஸ்கி என்ற பொருளாதார அறிஞர் காட்டிவிட்டார்: மிச்சமான அந்த 10 யுவானைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறமும் என்ன மாறுகிறதோ அதுதான் பதிலீடு. நம் வீட்டில் எதுவும் மாறாது, மறுபடியும் பத்து கிண்ணம் சோறுதான். ஆக, சோறு குறைந்தது முழுக்க வருமான விளைவால்.

பெரும்பாலான பொருள்களில் இரண்டு விளைவும் ஒரே பக்கம் இழுக்கும், அதனால் நாம் கவனிப்பதில்லை. எதிரெதிரே இழுத்து வருமான விளைவு ஜெயித்தால் அது கிஃபன் பண்டம். அதற்கு முதலில் அது ‘தாழ்ந்த பண்டமாக’ இருக்க வேண்டும் என்பார்கள். இந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவே இல்லை. அரிசியில் என்ன தாழ்வு? கொஞ்சம் காசு வந்ததும் சோற்றைக் குறைத்து வேறொன்று வாங்குகிறோம், அவ்வளவுதான்.

இன்னொன்று. பரம ஏழை வீடுகளில் இது தென்படவில்லை. அங்கே வயிறே நிறையவில்லை, விலை குறைந்தால் முதலில் சோறுதான் கூடும்.

[திரையில்: கூப்பனும் அரிசி மூட்டையும்.]

இதெல்லாம் தெரியாமல், ‘விலையைக் குறைத்தோம், அரிசி போகவில்லையே, மானியம் வீண்’ என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்காது. அந்தப் பணம் எங்கே போனது என்று அடுத்த கிண்ணத்தையும் எட்டிப் பாருங்கள்.