விருச்சிகமும் குங்கிலியமும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய திருமடத்து அடிகளார் அவர்களே, திருப்பணிக் குழுப் பெரியோர்களே, எனக்கு முன்பு ஒன்பது கோள்களின் வழிபாட்டை அழகுற விளக்கிய புலவர் அவர்களே, குழந்தைகளோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

விருச்சிக ராசியினருக்கு உரிய வழிபாடு, தூபம் ஆகிய இரண்டையும் பற்றிப் பேச எண்ணி வந்திருக்கிறேன். விசாகத்தின் நான்காம் பாதமும் அனுஷமும் கேட்டையும் அடங்கிய இந்த ராசிக்கு அதிபதி செவ்வாய். மனத்தை ஆளும் மனோகாரகனாகிய சந்திரன் நீசமடைவதும், அதாவது வலிமை குன்றுவதும், இங்கேதான். செவ்வாய்க்கிழமை விரதம், ஐப்பசியில் கந்த சஷ்டியின் ஆறு நாள் நோன்பு, கதிரவன் விருச்சிகத்தில் நிற்கும் கார்த்திகை மாதத்தில் மாலைதோறும் ஏற்றும் விளக்கு ஆகிய அனைத்தும், அலையும் மனத்தை ஒரே வேளையில் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவதற்காகவே வகுக்கப்பட்டவை என்பது என் துணிபு. பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். மனம் என்னும் நாருக்கு வழிபாடே பூ.

இனித் தூபத்துக்கு வருவோம். சந்திரனுக்குச் சாம்பிராணி, புதனுக்குக் கற்பூரம், செவ்வாய்க்குக் குங்கிலியம் என்பது நம் மரபு. குங்கிலியம் என்றதும் திருக்கடவூர்க் கலய நாயனார் நினைவுக்கு வராமல் இருப்பாரா? நாள்தோறும் இறைவனுக்குக் குங்கிலியத் தூபம் இடுவதையே தொண்டாகக் கொண்ட அவருடைய வீட்டை வறுமை சூழ்ந்தது. நிலம் போயிற்று, உடைமைகள் ஒவ்வொன்றாகப் போயின. பிள்ளைகள் பசியால் வாடியபோது, அந்த அம்மையார் தம் கழுத்துத் தாலியைக் கழற்றி, "இதற்கு நெல் வாங்கி வாருங்கள்" என்று கணவர் கையில் கொடுத்தார். கடைவீதிக்குச் சென்ற கலயர் கண்ணில் பட்டது நெல் மூட்டையா? இல்லை, ஒரு வணிகன் கொண்டுவந்த குங்கிலியப் பொதி! தாலிப் பொன்னைக் கொடுத்துப் பொதியை வாங்கியவர் நேரே கோயிலுக்கு ஓடினார். அதைக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டு, வீட்டை மறந்து அங்கேயே தங்கிவிட்டார். அன்றிரவு இறைவன் அருளால் அவர் இல்லம் நெல்லும் பொன்னுமாக நிறைந்தது. பின்னாளில் திருப்பனந்தாளில், அரசனுடைய யானைகளாலும் நிமிர்த்த முடியாத சிவலிங்கத்தை, தம் கழுத்தில் கயிற்றைப் பூட்டி இழுத்து நிமிர்த்தியவரும் அவரே. குங்கிலியப் புகையோடு சேர்ந்த கழுத்துக்கு அத்தனை வலிமை! பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

தாலிக்கு ஈடாக மதிக்கப்பட்ட அந்தப் பொருள் ஒரு மரத்தின் பிசின் என்பதை நாம் மறந்துவிட்டோம். வெள்ளைக் குங்கிலியம் தரும் மரம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. கருங்குங்கிலிய மரத்தில் பட்டையைக் கொத்தி, அடிமரத்தில் தீ மூட்டிப் பிசினை வடிய வைக்கும் பழக்கம் உண்டு. அந்தக் காயமே நாளடைவில் மரத்தைச் சாய்த்துவிடுகிறது. செவ்வாயின் அருள் வேண்டி நாம் இடும் தூபம், தீயில் வெந்த மரத்தின் கண்ணீராக இருக்கலாமா? தணலில் ஒரு சிட்டிகையே போதும். அதையும் சன்னலைத் திறந்து வைத்து இடுங்கள். குங்கிலியம் என்ற பெயரில் விற்கும் செயற்கை மணக் குச்சிகளை வாங்காதீர்கள். தீ மூட்டாமல், அளவாகக் கீறிப் பிசின் எடுக்கும் மலைவாழ் மக்களிடமிருந்தே இந்தக் கோயிலுக்குக் குங்கிலியம் வாங்கப்படும் என்று, திருப்பணிக் குழுவினர் இன்றே, இந்த அவையிலேயே தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் எனத் தலைவர் அவர்களை இரு கை கூப்பி வேண்டிக்கொள்கிறேன்.